மூக்கைத் தூக்கும் அந்த 4 விநாடி

போன சனிக்கிழமை பினாங்கு சுங்கை ஆராவிலிருந்து ஒரு தாயும் மகளும் என்னிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தார்கள். மகள் ஆறாம் படிவம். தாயின் கையில் விமானிப் பள்ளி ஒன்றின் கட்டண அட்டை. "குடும்பத்துல ஒரு கேப்டன் வேணும்னு பெரியப்பா சொல்றாரு சார்." பயப்படாதீர்கள் என்றுதான் ஆரம்பித்தேன். அட்டையில் 350,000 ரிங்கிட்டைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

அம்மா, அன்று சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன். அது உரிமம் வாங்கும் வரைக்கான செலவுதான். குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் பயிற்சிக்குப் பெரும்பாலும் தனியாகக் கட்ட வேண்டும். உரிமம் வந்தால் வேலையும் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வீட்டை அடமானம் வைத்து, அப்பாவின் இபிஎஃப் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கரைத்து இதில் இறங்காதீர்கள். பெரியப்பா எவ்வளவு போடுகிறார் என்று கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டீர்கள்.

உங்கள் மகளின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். பாயான் லெப்பாஸ் விமான நிலைய வேலியோரம் நின்று, எந்த விமானம் எந்த வேகத்தில் மூக்கைத் தூக்கியது என்று பக்கம் பக்கமாகக் குறித்திருக்கிறாள். "விமானத்தைக் காட்டுற ஆப்ல வர்றது தரைவேகம் சார், எதிர்க்காத்தைக் கூட்டினாத்தான் காற்றுவேகம்" என்று என்னையே திருத்தினாள். ஓட்ட ஆசையா என்றேன். "இல்ல சார், ஏன் ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல தூக்குதுன்னு தெரியணும்."

அந்தக் கேள்விக்கே சம்பளம் தரும் வேலை இருக்கிறது. மூக்கைத் தூக்கும் வேகம் எடை, வெப்பம், ஓடுபாதை நீளம், இறக்கைமடிப்பு (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் பலகை) எல்லாம் பார்த்துக் கணக்கிடப்படுகிறது. அந்த வேகம் வந்ததும் நொடிக்கு 2 முதல் 3 டிகிரி வீதம் மூக்கு உயர வேண்டும். அவசரப்பட்டால் வால் உரசும். போயிங் 737-800 சக்கரம் தரையில் இருக்கும்போதே மூக்கு சுமார் 11 டிகிரி போனால் உரசிவிடும். தயங்கினால் ஓடுபாதை தீர்ந்துகொண்டே வரும். தரையை விட்டபின் 15 டிகிரி அளவுக்கு உயரும். எஞ்சின் விசையை மாற்றாமல் வைத்திருக்கும்போது வேகத்தைப் பிடித்துவைப்பது இந்தக் கோணம்தான்: மூக்கு அதிகம் ஏறினால் வேகம் விழும், இறங்கினால் வேகம் கூடி ஏற்றம் குறையும்.

2009 மார்ச்சில் மெல்பர்னில் ஓர் ஏர்பஸ் ஏ340-500 விமானத்தின் எடையை விமானிகள் 362.9 டன்னுக்குப் பதில் 262.9 டன் என்று பதிந்துவிட்டார்கள். வேகக் கணக்கு தப்பி, விமானம் எழும்பாமல் வால் தரையில் தேய்ந்தது. ஒரே ஓர் எண். கடைசி நேரத்தில் முழு விசை கொடுத்ததால் தப்பினார்கள்.

விமானிகள் போடும் இந்தக் கணக்குக்கு அடிப்படையைத் தயாரித்துக் கொடுப்பவர்கள் செயல்திறன் பொறியாளர்கள். பறந்து வந்தபின் பதிவான தரவைத் தோண்டி, எங்கே மூக்கு வேகமாக ஏறியது, எங்கே மந்தமாக ஏறியது என்று பிடிப்பவர்கள் தரவுப் பகுப்பாய்வாளர்கள். 27,000 கிலோவுக்கு மேற்பட்ட விமானங்களை இயக்கும் நிறுவனம் இப்படிப் பகுப்பாய்வு நடத்தியே ஆக வேண்டும் என்பது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி. பெரியப்பா இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சீருடை கிடையாது, கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளவும் முடியாது.

மருத்துவம், கணக்கியல் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், விடுங்கள். ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம்மில் கணிதமும் இயற்பியலும் நன்றாக வரட்டும். அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பமான யூபியூவில் முதல் தேர்வாக யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) வான்வெளிப் பொறியியலைப் போடுங்கள். வளாகம் நிபோங் திபாலில், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். அரசாங்கப் பல்கலைக்கழகக் கட்டணம், பற்றாததற்கு பிடிபிடிஎன் கல்விக் கடன். தரவைத் தோண்ட உதவும் பைத்தான் நிரல்மொழியை இப்போதிருந்தே கற்கட்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன்: இடங்கள் குறைவு. வேலை என்று வந்தால் கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங் பக்கம் போக வேண்டியிருக்கும். பினாங்கிலேயே இருக்கட்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். ஓட்ட ஆசை பின்னால் வந்தால், அவள் சம்பளத்தில் அவளே பார்த்துக்கொள்வாள்.

முன்பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளி என்றீர்கள். கட்ட வேண்டாம். பெரியப்பா கோபித்துக்கொண்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.