கேள்வி பதில்: கட்டடம், தெரு, கேமரா

கேள்வி: மொபைலில் எடுத்தாலும் கேமராவில் எடுத்தாலும் உயரமான கட்டடங்கள் பின்பக்கம் சாய்ந்து விழுவது போலவே வருகின்றன. நல்ல லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் சாயும், லென்ஸ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் சாயும். கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக இருக்கும்வரைதான் செங்குத்துக் கோடுகள் செங்குத்தாக நிற்கும். அப்படி நேராகப் பிடித்தால் ஃப்ரேமில் பாதி தரையாகிவிடும், மேல்மாடிகள் வெட்டுப்பட்டுவிடும், அதுதான் தொல்லை. இதற்கென்றே வந்தது ஷிஃப்ட் லென்ஸ்: கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களுக்கு நிக்கான் இதை 1960-களின் தொடக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டது, ஆனால் விலை இன்றைக்கும் கையைக் கடிக்கும்.

காசு செலவில்லாத வழி, எதிர்க் கட்டடத்தில் அனுமதி கேட்டு நடுமாடிக்கு ஏறிவிடுவது. பாதி உயரத்திலிருந்து நேராகப் பார்த்தால் சாய்வே வராது. முடியாவிட்டால் இன்னும் பின்னால் போங்கள், அகலமாகப் பார்க்கும் வைட் லென்ஸில் கேமராவை நேராகப் பிடித்து எடுங்கள், கீழே மிஞ்சும் தரையை அப்புறம் வெட்டி எறியுங்கள். கணினியில் நிமிர்த்துவதாக இருந்தால் எடுக்கும்போதே நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டு எடுக்க வேண்டும், ஏனென்றால் நிமிர்த்தும்போது ஓரங்கள் காணாமல் போகும். ஒன்று மட்டும்: நூல் பிடித்தது போல முழுசாக நிமிர்த்தினால் கட்டடத்தின் தலை பெருத்துத் தெரியும். ஒரு துளி சாய்வை விட்டுவையுங்கள்.

கேள்வி: பெரிய கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த கட்டடங்களின் படங்களில் ஆளே இருப்பதில்லை. என் படத்தில் யாராவது குறுக்கே வந்தால் அழித்துவிடச் சொல்கிறார் நண்பர்.

பதில்: அழிக்காதீர்கள். ஆளில்லாத படம் பெரும்பாலும் கட்டியவரின் தேவைக்காக எடுக்கப்படுவது. சாவி கைமாறுவதற்கு முன்பே, கறை படாத சுவரும் கால் படாத தரையுமாக எடுத்து முடித்துவிடுவார்கள். அது கட்டடத்தின் படம் என்பதைவிட வரைபடத்தின் படம் என்றுதான் நான் சொல்வேன்.

முதல் நகரப் படங்களில் தெரு காலியாக இருந்ததற்குக் காரணமே வேறு. 1838-இல் பாரிஸின் ஒரு பெரிய வீதியை, புகைப்படக் கலையின் முன்னோடி லூயி டாகேர் மேலேயிருந்து எடுத்தார். அன்று ஃபிலிமுக்குப் பதிலாக இருந்த தகட்டில் ஒளி பதியச் சில நிமிடங்கள் ஆனதால், ஓடிக்கொண்டிருந்த வண்டிகளும் நடந்துகொண்டிருந்த ஜனங்களும் தடமே இல்லாமல் போய்விட்டார்கள், காலணிக்குப் பாலிஷ் போட நின்ற ஒரு மனிதர் மட்டும் மிஞ்சினார். இன்று ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டரை மாட்டிப் பட்டப்பகலில் தெருவைக் காலியாக்குகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான்.

காலித் தெரு எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. 1970-களின் இறுதியில் நியூயார்க் தெருக்களை ஜெர்மன் புகைப்படக்காரர் தாமஸ் ஸ்ட்ரூத் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். நடுத்தெருவில் பெரிய கேமராவை நிறுத்தி எடுத்தவை. ஆள் இல்லாததால்தான் தீயணைப்பு ஏணி, உடைந்த நடைபாதை, மங்கிய பெயர்ப்பலகை என்று ஒவ்வொன்றாகக் கண் நின்று பார்க்கிறது. அங்கே காலியாக விட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அழகுக்காக ஆட்களைத் துடைத்தெடுக்கும் வேலை இல்லை அது.

மறுபக்கம், கட்டடங்களையே எடுத்த அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன். 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸ் மலைச்சரிவில் பியர் கோனிக் வடிவமைத்த கண்ணாடி வீட்டை எடுத்தபோது, அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் அறைக்குள் இரண்டு பெண்களை உட்காரவைத்தார். கீழே நகரத்து விளக்குகள் பதியப் பல நிமிடம் ஒளியை உள்ளே விடும் ஷட்டரைத் திறந்துவைத்து, பெண்களுக்காக ஃப்ளாஷ் அடித்தார். அவர்கள் இல்லாமல் அந்தப் படத்தைக் கற்பனை செய்யுங்கள், ஷோரூம் மாதிரி இருக்கும். நம் காலத்தில் புகைப்படக்காரர் இவான் பான் இன்னும் ஒரு படி போனார். பெய்ஜிங்கில் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் நிறுவனம் வடிவமைத்த, சீன அரசுத் தொலைக்காட்சியான சி.சி.டி.வி.யின் தலைமையகத்தை, அது எழும்பிக்கொண்டிருக்கும்போதே வேலையாட்களோடு சேர்த்து எடுத்தார்.

நீங்கள் செய்ய வேண்டியது, ஃப்ரேமை முடிவு செய்துவிட்டு அங்கேயே நிற்பது. வாட்ச்மேன் நாற்காலியை எங்கே இழுத்துப் போடுகிறார் என்று பாருங்கள், வெயில் எப்போது எந்தத் தூணுக்குப் பின்னால் போகிறது என்று தெரிந்துவிடும். பிரம்மாண்டமான முன்வாசலை விட்டுவிட்டு எல்லோரும் பக்கவாட்டுக் கதவில் நுழைந்தால், அந்தக் கட்டடத்தைப் பற்றி வேறு என்ன எழுத வேண்டும்? கேமராவை ட்ரைபாட் என்ற முக்காலியில் நிறுத்தி, ஷட்டர் வேகத்தை 1/8 விநாடி வைத்துப் பாருங்கள்: நடப்பவர் கலங்கலாகவும் நிற்பவர் தெளிவாகவும் வருவார்.

கேள்வி: படத்தில் எதையாவது நீக்கினாலோ ஒட்டினாலோ அது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: செய்திப் படமென்றால் ஆமாம், பேச்சே இல்லை. மற்றபடி, என்னவென்று சொல்லிக் காட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜெர்மன் புகைப்படக்காரர் ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி ரைன் நதியை எடுத்த படம் 2011 ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது, எதிர்க்கரையில் இருந்த கட்டடத்தைக் கணினியில் நீக்கியே அதை உருவாக்கினார். அதை அவர் மறைக்கவும் இல்லை. மின்கம்பியை அழித்துவிட்டு ‘இதுதான் எங்கள் தெரு’ என்று காட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை.

கேள்வி: நெரிசலான அடுக்குமாடிகளை எடுத்தால் சாதாரணமாகத்தான் வருகிறது. அந்த மூச்சுமுட்டல் படத்தில் வரவில்லை.

பதில்: வானத்தை வெட்டுங்கள், தரையையும் வெட்டுங்கள். ஹாங்காங் குடியிருப்புகளைப் புகைப்படக்காரர் மைக்கேல் வுல்ஃப் அப்படித்தான் எடுத்தார். எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று தெரியாததால் அந்தச் சுவர் முடிவே இல்லாதது போலத் தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஜன்னலுக்கு ஜன்னல் காயும் துணியும் ஏ.சி. பெட்டியும்! தூரத்திலிருப்பதைக் கிட்ட இழுக்கும் டெலி லென்ஸில், தூரத்திலிருந்து எடுங்கள்.

கேள்வி: பொது இடத்தில் தெரியும் கட்டடத்தை எடுத்து விற்கக்கூட அனுமதி வேண்டுமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இரவு விளக்கு அலங்காரத்துக்குத் தனியாக உரிமை இருக்கிறது, அந்தப் படத்தை வணிகத்துக்குப் பயன்படுத்த நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஜெர்மனியில் நின்று எடுத்த இடத்தைப் பார்ப்பார்கள்: சாலையிலிருந்து எடுத்தால் அனுமதி வேண்டாம், எதிர்வீட்டு மாடியிலிருந்து எடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. விற்பதற்கு முன் அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இரவில் கடைவீதியை எடுத்தால் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு.

பதில்: எல்.இ.டி. விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுக்குவதால் வருவது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வையுங்கள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு நிஜத் திரை திறந்து மூடும் மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். ஓடும் எழுத்துப் பலகைகள் மட்டும் இதற்கும் அடங்காது, அவற்றுக்கு ட்ரைபாட் போட்டு 1/15-ஐ விட மெதுவான வேகத்துக்கு இறங்க வேண்டியிருக்கும்.