சாண்டரும் உப்புத்தாள் வட்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

உப்புத்தாள் வட்டைச் சுழற்றி மரத்தைத் தேய்க்கும் கைக்கருவியான மின் சாண்டர்களைப் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, எந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது என்று தொடங்கி, வேலை ஏன் சரியாக அமையவில்லை என்று முடிந்திருந்தன. விலை உயர்ந்த கருவியை வாங்கினால் மேற்பரப்பும் தானாகவே நேர்த்தியாகிவிடும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. ஆனால் மோட்டார் வட்டைச் சுழற்றுகிறதே தவிர, மரத்தைச் சீவுபவை வட்டின் மேல் ஒட்டியுள்ள கூர்மையான துகள்கள்தாம். அவை மழுங்கும் முன்பே வட்டை மாற்றி, தூளில் புதையாமல் பார்த்துக்கொண்டு, அளவான அழுத்தத்தில் வேலை செய்தால் நடுத்தர விலையுள்ள கருவியே நல்ல பலனைத் தரும். கீழே உள்ள பதில்களில் பல இந்த அடிப்படையிலிருந்தே வருகின்றன.

கேள்வி: தேக்கு மரத்தில் சாப்பாட்டு மேசை செய்து, ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரால் தேய்த்து, பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்தேன். தேய்த்து முடித்தபோது வழவழப்பாகத் தெரிந்த பரப்பில், பாலிஷ் ஏறியதும் சின்னச் சின்னச் சுருள் கீறல்கள் தெரிகின்றன. கருவியில் குறையா?
வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: கருவியில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இந்த வகைச் சாண்டரில் வட்டு தன் அச்சில் சுழல்வதோடு, ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு வட்டப் பாதையிலும் ஆடுகிறது. இரண்டு அசைவுகளும் கலப்பதால் கீறல்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழாமல் சிதறிப்போகின்றன. நீங்கள் கருவியை மேலிருந்து அழுத்தும்போது சுழற்சி நின்றுபோய் ஆட்டம் மட்டுமே மிஞ்சுகிறது. அப்போது ஒவ்வொரு துகளும் ஒரே சுருளை மறுபடி மறுபடி வரைகிறது. வட்டைப் பிடித்திருக்கும் பேடின் விளிம்பில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இட்டுவிட்டு வேலை செய்து பாருங்கள். அந்தக் கோடு சுற்றிவருவது கண்ணுக்குத் தெரிந்தால் அழுத்தம் சரி. நின்றுவிட்டால் நீங்கள் அழுத்துகிறீர்கள் என்று பொருள். கருவியின் எடையும், அதை வழிநடத்தும் கையின் இயல்பான எடையும் போதும்.

இரண்டாவது காரணம் வேகம். வட்டு வேகமாகச் சுழல்கிறது என்பதற்காகக் கையையும் வேகமாக ஓட்டுவதுதான் நான் அதிகம் காணும் பழக்கம். நொடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு மெதுவாக நகர்த்தி, ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் பாதியை மூடுமாறு செல்ல வேண்டும். முதலில் இது பொறுமையைச் சோதிக்கும். ஆனாலும் மொத்த நேரம் குறையவே செய்யும்.

மூன்றாவது காரணம் உப்புத்தாளின் நம்பர்களைத் தாண்டிப் போவது. நம்பர் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். 80 நம்பர் வட்டு இட்ட கீறலை 220 நம்பர் வட்டால் எடுக்க முயன்றால் மேடுகள் மட்டும் மழுங்கும். பள்ளங்கள் அப்படியே இருக்கும். வெறும் மரத்தில் அவை கண்ணுக்குத் தப்பிவிடும், பாலிஷ் ஏறியதும் வெளியே வந்துவிடும். 80, 120, 180 என்று படிப்படியாகச் செல்லுங்கள். ஒவ்வொரு படியிலும் நம்பர் ஒன்றரை மடங்குக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நம்பரை முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் பரப்பு முழுவதும் பென்சிலால் மெல்லிய குறுக்குக் கோடுகள் இட்டுக்கொண்டால், அவை மறையும்வரை தேய்ப்பது என்ற தெளிவான அளவுகோல் கிடைக்கும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மேசையை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். 80 நம்பர் வட்டிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு துகள் 180 நம்பர் வட்டின் கீழே சிக்கினாலும், நீங்கள் எழுதியிருக்கும் அதே சுருள் கீறலை அது மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இட்டுச் செல்லும்.

சாண்டரை மரத்தின் மேல் தட்டையாக வைத்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். முடிக்கும்போது தட்டையாகவே தூக்கிவிட்டு அணையுங்கள். சுழலும் வட்டு சாய்வாக மரத்தில் இறங்கினால் பிறை வடிவப் பள்ளம் விழும். கடைசி நம்பர் முடிந்ததும் அதே நம்பர் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை ஓடும் திசையில் கையால் சில முறை தேய்த்துவிட்டால் மிச்சமுள்ள சுருள்களும் ரேகையோடு கலந்துவிடும். பாலிஷுக்கு முன் அறையின் விளக்கை அணைத்து, மேசையின் மட்டத்தில் ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒரு துணியில் டர்பன்டைன் நனைத்துத் துடைத்தாலும், அது உலரும்வரை கீறல்கள் பாலிஷ் அடித்தது போலவே தெரியும். உங்கள் மேசையைப் பொறுத்தவரை, கீறல்கள் மரத்திலேயே இருப்பதால் மேலே இன்னொரு கோட் அடிப்பது பயன் தராது. பாலிஷை எடுத்துவிட்டு 120 நம்பரிலிருந்து தொடங்குவதே நேர்வழி.

கேள்வி: உப்புத்தாள் வட்டுகள் சில நிமிடங்களிலேயே அடைத்துக்கொள்கின்றன. பழைய தேக்குக் கட்டிலைத் தேய்க்க ஒரு பெட்டி வட்டுகள் தீர்ந்துவிட்டன. வட்டின் தரம்தான் காரணமா?
வாசகர், ஆவடி

பதில்: தரமும் ஒரு காரணம், ஆனால் அது கடைசிக் காரணம். உங்கள் கட்டிலில் இரண்டு பிரச்சினைகள் சேர்ந்திருக்கின்றன. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதோடு சிலிக்காவும் இருப்பதால் துகள்களின் முனை விரைவில் மழுங்கும். அதன் மேலுள்ள பழைய வார்னிஷ் உராய்வின் சூட்டில் இளகி, வட்டில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். வார்னிஷை சாண்டரால் எடுக்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பெரும்பகுதியை முதலில் ஸ்கிரேப்பராலோ பெயின்ட் ரிமூவராலோ எடுத்துவிட்டு, மரத்தை நன்றாகத் துடைத்து உலரவிட்டபின் சாண்டரைக் கையில் எடுப்பது வட்டுகளுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கு மேல் மிச்சப்படுத்தும். மிச்சமிருக்கும் வார்னிஷுக்கு வேகத்தைக் குறைத்து 60 அல்லது 80 நம்பரைப் பயன்படுத்துங்கள். நுண்ணிய நம்பரில் தொடங்குபவர்களுக்குத்தான் வட்டு மிக வேகமாக அடைக்கிறது.

கடையில் கேட்கும்போது, துகள்களுக்கு இடையே இடைவெளி விட்டு ஒட்டிய ஓபன் கோட் வட்டாகவும், வெண்மையான ஸ்டியரேட் பூச்சு உள்ளதாகவும் கேளுங்கள். பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருவைச் சுற்றியுள்ள கருவிக் கடைகளில் இந்த விவரத்தைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பூச்சு சோப்பு போன்ற ஒரு பொருள். தூள் வட்டில் ஒட்டாமல் உதிர்ந்துவிட உதவுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தூளை உறிஞ்சுவது. வட்டிலுள்ள துளைகள் பேடின் துளைகளோடு பொருந்தாவிட்டால் உறிஞ்சும் பாதை அடைபட்டு, தூள் மரத்துக்கும் வட்டுக்கும் நடுவே உருண்டுகொண்டே இருக்கும். உங்கள் சாண்டரின் பேடில் 8 துளைகள் இருந்தால் 8 துளை வட்டையே வாங்கி, நேராகப் பொருத்துங்கள். சிறு பையை நம்பியிருக்காமல், வீட்டில் உள்ள வேக்குவம் கிளீனரின் குழாயை இணைக்க முடிந்தால் இணைத்துவிடுங்கள். அடைத்த வட்டை உடனே எறிய வேண்டியதில்லை. கிரேப் ரப்பர் கட்டி ஒன்றைச் சுழலும் வட்டின் மேல் மெதுவாக வைத்து எடுத்தால் ஒட்டிய தூள் அதோடு வந்துவிடும். ஆனால் துகளே மழுங்கிவிட்ட வட்டுக்கு இது உதவாது. தூள் வருவது குறைந்து சூடு மட்டும் ஏறினால், அந்த வட்டின் காலம் முடிந்தது.

இன்னொன்று, சென்னையின் ஈரம். அக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் பாலிஷின் அடிக்கோட் டப்பாவில் எழுதிய நேரத்தில் உலராது. உலராத கோட்டைத் தேய்த்தாலும் வட்டு அடைத்துக்கொள்ளும். நகத்தால் கீறினால் வெள்ளைத் தூளாக உதிர வேண்டும். அழுந்திச் சுருண்டால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

கேள்வி: கடைக்காரர் பழுப்பு நிறத் தாளும் தருகிறார், கறுப்பு நிறத் தாளும் தருகிறார். இரண்டிலும் 220 என்றே இருக்கிறது. எதை எங்கே பயன்படுத்துவது?
வாசகி, பெரம்பூர்

பதில்: பழுப்பு நிறத்தில் வருவது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மரவேலைக்கு அதுவே பொருத்தம், ஏனெனில் வேலையின்போது அதன் துகள்கள் உடைந்து புதிய முனைகளைக் காட்டும். கறுப்பு நிறத்தில் வருவது பெரும்பாலும் சிலிக்கன் கார்பைடு; அது மிகக் கடினமானது, ஆனால் எளிதில் நொறுங்கக்கூடியது. தண்ணீரோடு பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் இந்த வகைதான். பாலிஷின் இறுதிக் கோட்டைக் கையால் நனைத்துத் தேய்க்க அது சிறந்தது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாண்டரில் மட்டும் தண்ணீர்த் தேய்ப்பை ஒருபோதும் செய்ய வேண்டாம். தூள் உறிஞ்சும் துளைகளின் வழியே ஈரம் மோட்டாருக்குள் போய், உயிருக்கே ஆபத்தாகும்.

நம்பருக்கு முன் ‘பி’ என்ற எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஐரோப்பிய அளவுமுறை. அதன்படி பி80 துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பி120 என்றால் 125, பி180 என்றால் 82, பி240 என்றால் 58. அமெரிக்க அளவுமுறையில் கரடான நம்பர்கள் ஏறக்குறைய ஒத்துப்போகும். 220-க்கு மேலே போகப் போக விலகும். அங்கே 320 என்பது இங்கே பி400-க்கு அருகில் வரும். ஆகவே ஒரே வேலையில் இரண்டு முறைகளையும் கலக்காமல் இருப்பது நல்லது. மரத்துக்குச் சாயம் ஏற்றப் போகிறீர்கள் என்றால் 180-லேயே நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் மரம் சாயத்தைக் குறைவாகவே ஏற்கும்.

கேள்வி: சாண்டரின் வெல்க்ரோ வட்டைப் பிடிப்பதில்லை. ஓடும்போதே வட்டு கழன்று பறக்கிறது.
வாசகர், அம்பத்தூர்

பதில்: வெல்க்ரோவின் கொக்கிகள் பிளாஸ்டிக்கால் ஆனவை, சூட்டில் அவை உருகி முனை மழுங்கிவிடும். அழுத்தித் தேய்ப்பதும், விளிம்பை மட்டும் சாய்த்து மூலைகளைத் தேய்ப்பதும், வட்டு இல்லாமல் கருவியை ஓட்டுவதும் அந்தச் சூட்டுக்குக் காரணங்கள். பேடைத் தனியாக வாங்கலாம்; சில ஸ்குரூக்களைக் கழற்றினால் மாற்றிவிடலாம். புதிய கருவி தேவையில்லை. காகித வட்டுகளைக் காற்றுப் புகாத டப்பாவில், மேலே ஒரு கனத்தை வைத்துச் சேமியுங்கள். நம் ஊர் ஈரத்தில் அவை சுருண்டுகொள்ளும். சுருண்ட வட்டு புதிய பேடிலும் சரியாகப் பிடிக்காது.

கேள்வி: தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய பிளைவுட் கதவின் ஓரத்தில் வெனீர் கரைந்து அடிப்பலகை தெரிந்துவிட்டது. இதைத் தவிர்ப்பது எப்படி?
வாசகர், வேளச்சேரி

பதில்: கடையில் வரும் வெனீரின் தடிமன் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தொழிற்சாலையிலேயே தேய்த்து வரும் அந்தப் பரப்புக்கு 80, 120 நம்பர்கள் எதற்கும் வேண்டாம். 180 நம்பரில் மெதுவாக ஒரு முறை, தேவைப்பட்டால் 220-ல் ஒரு முறை, அவ்வளவுதான். பரப்பின் ஓரத்துக்கு வரும்போது வட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியே நீட்ட விடாதீர்கள்; நீட்டினால் கருவி சாய்ந்து, முழு எடையும் விளிம்பில் இறங்கும். விளிம்புகளைக் கையால் தேய்ப்பதே பாதுகாப்பு. பேடுக்கும் வட்டுக்கும் இடையே மென்மையான ஃபோம் பேட் வைப்பது வளைவான பரப்புக்கு நல்லது. தட்டையான வெனீரில் அது ஓரங்களை உருட்டிவிடும்.

கேள்வி: திருவல்லிக்கேணியில் உள்ள பூர்வீக வீட்டின் கதவுகளில் பல அடுக்குப் பெயின்ட் இருக்கிறது. சாண்டர் வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் தேய்த்துவிட்டு மரத்தைக் காட்டலாம் என்று நினைக்கிறோம். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள் இருக்கிறார்கள்.
வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு சாண்டரை எடுக்க வேண்டாம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி, மத்திய அரசால் 2016-ல் வெளியிடப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எந்த அடுக்கிலும் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே அறிவுடைமை. உலர்ந்த பெயின்டை சாண்டர் தேய்க்கும்போது அந்த ஈயம் கண்ணுக்குத் தெரியாத தூளாகி, தரையிலும் பொம்மைகளிலும் படியும். அங்கிருந்து குழந்தைகளின் கை வழியே வாய்க்குப் போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் பாதிக்கும். அந்தப் பாதிப்பைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

முதலில் பெயின்டின் ஒரு துண்டை எல்லா அடுக்குகளோடும் பெயர்த்து ஆய்வுக்கூடத்தில் சோதியுங்கள். ஈயம் இருந்தால், கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய், தரையில் பாலிதீன் விரித்து, ரசாயன ரிமூவர் பூசியோ ஈரப்படுத்தியோ கையால் சுரண்டச் சொல்லுங்கள். வேலை செய்பவருக்கு என்95 முகக்கவசமாவது கட்டாயம் வேண்டும். ஈரத் துணியால் துடைக்க வேண்டும், துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. வேலை முடியும்வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேறு வீட்டில் இருப்பது நல்லது.

பெயின்டே இல்லாத வெறும் மரத்துக்கும் முகக்கவசம் வேண்டுமா என்று வேறு சிலர் கேட்டிருக்கிறார்கள். கட்டாயம் வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே சேர்த்துவிட்டது. மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு நாள் முழுவதும் தேய்க்கும் நம் தச்சர்களுக்கு, வேலை கொடுப்பவர்களே நல்ல முகக்கவசம் வாங்கித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: ஆங்கிள் கிரைண்டரில் உப்புத்தாள் வட்டு மாட்டி மேசைப் பலகையைத் தேய்க்கலாமா?
வாசகர், தாம்பரம்

பதில்: வேண்டாம். 100 மில்லிமீட்டர் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில், ஆட்டமின்றி ஒரே அச்சில் சுழல்கிறது. தட்டையான பலகையில் அது குழி தோண்டும், மரத்தைக் கருக்கும்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் வீடு. பால்கனி கிரில்லின் துருவை அதே மரச் சாண்டரால் எடுக்கலாமா?
வாசகி, பெசன்ட் நகர்

பதில்: தட்டையான பட்டைகளில் எடுக்கலாம், கம்பிகளின் வளைவிலும் மூலையிலும் கம்பித் தூரிகையும் ஃப்ளாப் டிஸ்க் (உப்புத்தாள் துண்டுகளை அடுக்கிய வட்டு) மாட்டிய கிரைண்டருமே வேலைக்கு உதவும். ஒரு எச்சரிக்கை: சாண்டரின் பையில் மரத்தூள் இருக்கும்போது இரும்பைத் தேய்க்கக் கூடாது. சூடான இரும்புத் துகள் ஒன்று உள்ளே போனால் தூள் உள்ளுக்குள்ளேயே கனன்று, வேலை முடிந்து வெகுநேரம் கழித்தும் தீப்பிடிக்கும். பையைக் காலி செய்து சுத்தப்படுத்திய பிறகே தொடங்குங்கள். தேய்ப்பதற்கு முன் கிரில்லை நல்ல தண்ணீரால் கழுவி உலரவிடுங்கள். கடற்காற்று படியவைத்த உப்பு பெயின்டுக்கு அடியில் தங்கினால் துரு மீண்டும் கிளம்பும். காலையில் தேய்க்கத் தொடங்கி, பளிச்சென்று இரும்பு தெரிந்த இடங்களுக்கு அன்று மாலைக்குள் ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிட வேண்டும். ஒரே நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே அன்றைக்குத் தேயுங்கள்.