யாஷிகா எலக்ட்ரோ 35: ஜி, ஜிஎஸ், ஜிஎஸ்என் எதை வாங்கலாம்? பழைய கேமராவில் எதைச் சோதிக்க வேண்டும்?

யாஷிகா எலக்ட்ரோ 35 ஃபிலிம் கேமரா வாங்கும்போது, பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 1966இல் வந்த முதல் மாடலும் 1973இன் ஜிஎஸ்என்னும் உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரே கேமராதான். கழற்ற முடியாத 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ், எலக்ட்ரானிக் கோப்பல் ஷட்டர். அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண்) நாம் வைத்தால், 30 வினாடியிலிருந்து 1/500 வினாடி வரை ஷட்டர் வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஜி 1968, ஜிஎஸ் 1970. ஜிஎஸ்ஸில் ஏஎஸ்ஏ (ஃபிலிமின் ஒளி உணர்திறன் எண்) 1000 வரை போகும். ஜிஎஸ்என்னில் ஹாட் ஷூ (ஒயர் இல்லாமல் ஃப்ளாஷ் மாட்டும் இடம்) சேர்ந்தது. ஜிடி, ஜிடிஎன் என்றால் கறுப்பு உடம்பு, அவ்வளவுதான். எலக்ட்ரோ 35 பெயரிலேயே வந்த சிசியும் ஜிஎக்ஸும் அளவில் சிறியவை, லென்ஸும் வேறு. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

"ஷட்டர் அடிக்குதுங்க" என்பார் விற்பவர். பேட்டரியே இல்லாவிட்டாலும் இது 1/500இல் அடிக்கும். ஆகவே அந்தச் சத்தம் எதையும் நிரூபிக்காது. கையோடு ஒரு 4எல்ஆர்44 பேட்டரி கொண்டுபோங்கள். பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. இந்த 6 வோல்ட் தாராளமாகப் போதும். ஆனால் இது ஒல்லி, குட்டை. சுற்றிலும் அட்டையைச் சுருட்டி, நீளத்துக்கு ஒரு ஸ்பிரிங் வைக்க வேண்டும். பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால், பேட்டரி கசிந்து அறையிலிருந்து மேலே போகும் ஒயர் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். தொடுமுனையை வினிகரில் துடைத்தால் சரியாகலாம். ஒயரே போயிருந்தால் சால்டரிங் வேலை.

அடுத்து எஃப் 16 வைத்து, மங்கலான மூலையைப் பார்த்து ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்துங்கள்: மஞ்சள் விளக்கு, அதாவது வேகம் 1/30க்குக் கீழே. எஃப் 1.7இல் வெயிலைக் காட்டினால் சிவப்பு, அதாவது 1/500 கூடப் போதாத அளவு வெளிச்சம்.

முக்கியமானது ஃபிலிம் லீவர். அதை இழுக்கும்போது உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் திண்டு கரைந்துவிட்டது என்று பொருள். மின்தொடர்பு ஒவ்வொரு முறையும் பழைய இடத்துக்குத் திரும்பாது. விளக்கும் வேகமும் தப்பாகும். கேமராவைப் பிரித்துப் புதுத் திண்டு ஒட்டத்தான் வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஒளி புகாமல் இருக்கப் பின்கதவில் வைத்த பழைய ஃபோம் எப்படியும் பிசினாகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சுரண்டி, கறுப்புக் கம்பளி நூலைக் காடியில் பதித்தாலே ஒளி கசியாது.

ஒளி அளக்கும் கண் லென்ஸுக்கு வெளியே இருப்பதால் ஃபில்டர் போட்டது அதற்குத் தெரியாது. ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குடிக்கும் மஞ்சள் ஃபில்டர் என்றால், ஏஎஸ்ஏ 400 ஃபிலிமுக்கு 200 வையுங்கள்.