பழைய மாடர்ன்: வயது எது, பழுது எது?

நாற்காலி, அலமாரி, விளக்கு, ஒரு முழு வீடு. இம்முறை வந்த கேள்விகள் எல்லாமே 'மிட் செஞ்சுரி மாடர்ன்' பற்றியவை. 1945-க்குப் பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கோலோச்சிய வடிவமைப்புக்கு அந்தப் பெயர். அந்தக் காலத்தில் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. 1984-ல் வந்த ஒரு புத்தகத்தின் தலைப்பிலிருந்துதான் பெயர் பரவியது. இப்போது ஒரு மேஜைக்குக் கூம்புக் கால் நாலு இருந்துவிட்டால் போதும், விளம்பரத்தில் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

கேள்வி: இணையத்தில் ஒரு லவுஞ்ச் நாற்காலி பார்த்தேன். வளைத்த பிளைவுட், கறுப்புத் தோல், கூடவே கால் வைத்துக்கொள்ள ஒரு ஸ்டூல். "1950களின் ஈம்ஸ், ஒரிஜினல்" என்கிறார் விற்பவர். அடியில் லேபிளும் இருக்கிறதாம். நம்பலாமா?

பதில்: லேபிளைக் கடைசியாகப் பாருங்கள். உடைந்துபோன ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை.

சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி வடிவமைத்த இந்த நாற்காலியை ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1956-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றுவரை தயாரிப்பு நிற்கவில்லை. ஆகவே 'ஒரிஜினல்' என்பது 1958-ல் செய்ததாகவும் இருக்கலாம், போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம். இரண்டும் அசல்தான், விலைதான் வேறு. "எந்த ஆண்டு? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். நேர்மையான விற்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

அடுத்து, நாற்காலியின் அடிப்பாகத்தைப் பாருங்கள். அசலில் நாற்காலிக்கு ஐந்து கிளை, ஸ்டூலுக்கு நான்கு. போலிகளில் நாற்காலிக்கும் நான்கே கிளை இருப்பது அடிக்கடி கண்ணில் படும். பிளைவுட்டின் ஓரத்தில் அடுக்குகளை எண்ணுங்கள்: பழையவற்றில் ஐந்து, பிற்காலத்தில் ஏழு. 1950கள் என்று சொல்லி ஏழு அடுக்கைக் காட்டினால் கதை அங்கேயே முடிந்தது. இந்த நாற்காலி சுழலும்; ஆனால் முதுகைச் சாய்க்க நெம்புகோல் கிடையாது, சாய்வு நிரந்தரமாக வைக்கப்பட்டது.

கடைசியாக, முதுகுப் பலகையின் வெளிப்பக்கம். அங்கே ஸ்க்ரூத் தலை எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஒன்று அது போலி, இல்லையென்றால் மோசமாக ரிப்பேர் பார்க்கப்பட்ட அசல். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கைப்பிடியையும் முதுகுப் பலகையையும் சேர்ப்பது பலகையின் உள்பக்கம் பசையால் ஒட்டிய ரப்பர் வில்லைகள். மரத்தில் துளையே போடாமல், உட்கார்ந்தால் லேசாக நெகிழும்படி செய்த அருமையான யோசனை. (இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்கு வளைத்த பிளைவுட்டில் எலும்புமுறிவுக் கட்டை செய்து கொடுத்துக் கை பழகியவர்கள் ஈம்ஸ் தம்பதி.) ஆனால் ரப்பர் அறுபது வருடம் தாங்காது. இறுகும், பசை விடும், ஒருநாள் சாயும்போது பலகை பெயர்ந்துவிடும், சில சமயம் விரிசலும் விழும். அப்போது சிலர் வெளியிலிருந்து துளை போட்டு போல்ட் முடுக்கிவிடுகிறார்கள். நாற்காலி நிற்கும், மதிப்பு போய்விடும்.

எனவே மெத்தைகளைக் கழற்றிவிட்டு உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரப்பரை மாற்றியிருந்தால் தப்பில்லை, நல்லதுதான். தோல் மங்கியிருப்பதும் சுருக்கம் விழுந்திருப்பதும் வயது. பலகையில் விரிசல் என்றால் பழுது. முன்னதற்குப் பேரம் பேசலாம். பின்னது இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

லேபிளே இல்லாத பொருட்களில் இன்னும் கவனம் தேவை. சண்டிகர் நகரத்துக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே காலத்தில் செய்த தேக்கு, பிரம்புப் பின்னல் நாற்காலிகள் ஓர் உதாரணம். அரசு அலுவலகங்களுக்காகத் தச்சர்கள் கையால் ஏராளமாகச் செய்தவை. அடையாளம் என்று இருப்பது பெரும்பாலும் பெயின்ட்டில் எழுதிய துறைக் குறியீடு. அதைப் போலியாக எழுத ஒரு தூரிகை போதும். போதாததற்கு, சண்டிகரின் மரபுப் பொருட்களை விற்கவோ ஏலம் விடவோ கூடாது என்று இந்திய உள்துறை அமைச்சகம் 2011-ல் உத்தரவிட்டது. யாராவது "நேராக அங்கிருந்து வந்தது" என்று பெருமையாகச் சொன்னால், எந்த ஆண்டு, எந்தக் காகிதத்தோடு வந்தது என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: 1960களின் தேக்கு சைடுபோர்டு ஒன்று வாங்கினேன். மேலே தம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள், கீறல்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது பாலிஷ் அடித்தால் பளபளப்பாகிவிடும் என்கிறார் தச்சர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தச்சர் கெட்டவர் இல்லை, அவர் கைக்குப் பழக்கம் முழு மரம். உங்களிடம் இருப்பது அநேகமாக வெனீர். அதாவது வேறு பலகையின் மேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தோல். பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. இது போலித்தனம் என்று நினைக்காதீர்கள். அகலமான கதவுகள் வளையாமல் இருக்க அந்தக் காலத்து நல்ல பட்டறைகளே வெனீர்தான் போட்டன.

நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன் ஒரு காபி மேஜையை இயந்திரத்தில் தேய்த்தேன். முதல் நிமிடம் அழகு. இரண்டாம் நிமிடம் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெளிறிய அடிப்பலகை எட்டிப் பார்த்தது. அதை மறைக்கத்தான் இன்றும் அதன் மேல் ஒரு பூஞ்சட்டி நிற்கிறது.

முதலில் எண்ணெய்ப் பூச்சா, லாக்கரா (மரத்தின் மேல் படலமாகப் படியும் பளபளப்புப் பூச்சு) என்று பாருங்கள். கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஊறினால் எண்ணெய்ப் பூச்சு. மேலேயே நின்றால் லாக்கர் மாதிரி ஏதோ ஒன்று. எண்ணெய்ப் பூச்சு என்றால் வேலை சுலபம். மென்மையான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். காய்ந்ததும், கிடைப்பதிலேயே மிக மெல்லிய ஸ்டீல் உல்லில் தேக்கு எண்ணெய் தொட்டு, மர ரேகை போகும் திசையில் மட்டும், அழுத்தாமல் தேயுங்கள். வளையங்கள் பெரும்பாலும் மங்கிவிடும். ஆழமான கீறல் இருந்தால் இருக்கட்டும். லாக்கர் என்றால் அதற்கென்று தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிட்டு, அப்புறம் போடுங்கள்.

கேள்வி: வேறு நாட்டிலிருந்து ஒரு ரோஸ்வுட் அலமாரியை வரவழைக்க நினைக்கிறேன். சிக்கல் உண்டா?

பதில்: உண்டு, பெரிய சிக்கல். அந்தக் கால உயர்தரச் சாமான்களில் பலவும் பிரேசிலிய ரோஸ்வுட். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் 1992-லேயே அந்த மரத்தை மிகக் கடுமையான முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முன் செய்த பொருள் என்று சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். 2017 தொடக்கத்தில் மற்ற ரோஸ்வுட் வகைகளும் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன. விற்பவர் கைக்குச் சான்றிதழ் வரும்வரை பணம் அனுப்பாதீர்கள். "அதெல்லாம் யாரும் பார்ப்பதில்லை" என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கேள்வி: 1950களில் கட்டிய வீடு ஒன்றை வாங்கப் பார்க்கிறோம். தட்டையான கூரை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, உள்ளே மரப் பலகைச் சுவர்கள். எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாக்கினால்தான் மதிப்பு" என்கிறார் தரகர். என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பிடித்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் பிடித்ததையே பெயர்த்துவிட்டு எதை வாங்கப் போகிறீர்கள்?

கலிஃபோர்னியாவில் ஜோசப் ஐக்லர் என்ற கட்டுமானக்காரர் இந்த மாதிரி சுமார் 11,000 வீடுகள் கட்டினார். நடுத்தரக் குடும்பங்களுக்காகக் கட்டியவை. அவற்றை வைத்துப் பார்த்தாலே எங்கெங்கே தொல்லை வரும் என்று தெரியும். கூரைப் பலகைதான் உள்ளே தெரியும் உட்கூரையும். நடுவில் வெற்றிடம் இல்லை. மழைநீர் இறங்கினால் கறை நேரே பலகையில்தான். ஆகவே கூரையை மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். வெப்பத்தடுப்பு போடுவதென்றால் கூரைக்கு மேலே போடச் சொல்லுங்கள், உள்பக்கம் போட்டால் பலகையின் அழகு மறைந்துபோகும். அடுத்து, கான்கிரீட் தளத்துக்குள் வெந்நீர்க் குழாய் ஓட்டித் தரையைச் சூடாக்கும் முறை. இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கலாம். அழுத்தச் சோதனை செய்யாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்து போடாதீர்கள்.

ஒன்பது அங்குலச் சதுரத் தரை ஓடுகள் இருந்தால் அவற்றிலும் அடியில் உள்ள கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு அதிகம். உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. நீங்களாகப் பெயர்க்க வேண்டாம், பரிசோதனைக்கு அனுப்புங்கள். பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்குத் தடை வந்ததே 1978-ல்தான். அந்தக் காலப் பெரிய கண்ணாடிகள் பல, உடைந்தால் கத்தி மாதிரி சிதறும் சாதாரணக் கண்ணாடி. ஜன்னல் சட்டத்தை மாற்றாமல் கண்ணாடியை மட்டும் பாதுகாப்பு வகைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். தடித்த புது அலுமினியச் சட்டம் போட்டால் வீட்டின் முகமே மாறிவிடும்.

ஒயரிங், குழாய், கூரை: இவற்றுக்கு எவ்வளவு செலவழித்தாலும் சரி. மரச் சுவருக்கு வெள்ளை பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள். அதை யாராலும் பழையபடி எடுக்க முடியாது.

வேலை தொடங்குமுன் பழைய படங்களைத் தேடுங்கள். கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸில் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் நியூட்ரா 1946-ல் வடிவமைத்த காஃப்மன் வீடு பல கை மாறி, கூடுதல் அறைகளெல்லாம் ஒட்டிச் சிதைந்து கிடந்தது. 1990களில் வாங்கியவர்கள், புகைப்படக்காரர் ஜூலியஸ் ஷுல்மன் முன்பு எடுத்த படங்களையும் நியூட்ராவின் ஆவணங்களையும் வைத்துக்கொண்டுதான் அதை மீட்டார்கள். அதே நியூட்ரா பக்கத்து ஊரான ராஞ்சோ மிராஜில் வடிவமைத்த மாஸ்லன் வீட்டை 2002-ல் வாங்கிய புது உரிமையாளர் இடித்தே விட்டார். வீட்டுக்குப் பேர் இருந்தால் யாராவது தடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இடம்பெறுவதுகூடத் தனியார் உரிமையாளரின் கையைக் கட்டுவதில்லை. உங்களுக்குப் பிறகும் வீடு நிற்க வேண்டுமென்றால், அடுத்து வருபவரையும் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தம் உங்கள் ஊர்ச் சட்டத்தில் உண்டா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

கேள்வி: அசலுக்குக் காசில்லை. நகல் வாங்குவது தப்பா?

பதில்: நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் ஒரு பொருள் சந்தைக்கு வந்து 25 ஆண்டு ஆனால் நகல் செய்யலாம் என்றிருந்த சட்டப்பிரிவை 2016-ல் நீக்கினார்கள். இப்போது வடிவமைத்தவர் இறந்து 70 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. சார்லஸ் ஈம்ஸ் இறந்தது 1978, ரே 1988. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய நீதிமன்றமும் 2024-ல் ஓர் ஈம்ஸ் நாற்காலி வழக்கில், வடிவமைப்பு எந்த நாட்டில் பிறந்தது என்பதைக் காரணம் காட்டிப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று சொல்லிவிட்டது. வேறு நாடுகளில் நகல் தாராளமாக விற்கிறது.

சட்டத்தை விடுங்கள், என் சொந்தக் கருத்து இது: நகலுக்குக் கொடுக்கும் பணத்தில், பெயர் தெரியாத பட்டறையில் அதே காலத்தில் செய்த அசல் மர நாற்காலி கிடைக்கும். மூட்டு உறுதியா, ஆட்டினால் ஆடுகிறதா, அடியில் புழு அரித்த பொடி கொட்டுகிறதா என்று பாருங்கள், போதும். உட்காரும் பகுதியின் பின்னல் அறுந்திருந்தால் பயப்படாதீர்கள். டென்மார்க் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த புகழ்பெற்ற விஷ்போன் நாற்காலிக்கே இருக்கையில் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு ஓடுகிறது. அது தேயும், திரும்பப் பின்னுவார்கள். செருப்புக்கு வார் மாற்றுவது மாதிரிதான்.

கேள்வி: அறுபது வருடப் பழைய மேஜை விளக்கு. எரிகிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: எரிகிறது என்பது சான்றிதழ் இல்லை. ஒயரின் உறை பொடிந்திருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒயர், பிளக், ஹோல்டர் மூன்றையும் மாற்றுங்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு பையில் போட்டு, விளக்கின் பெயரை எழுதி எடுத்து வையுங்கள். பின்னால் விற்கும்போது வாங்குபவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.