ஷோகனும் நிஜமும் – கடிதம்

அன்புள்ள சார்,

நானும் ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணும் பழைய ஜப்பான்ல நடக்கிற ஷோகன் தொடர் பத்து எபிசோடையும் ரெண்டு வாரத்துல பாத்து முடிச்சோம். அவ இப்ப முழுக்க டோரனாகா கட்சி. சுத்தி நாலு பேர் சேந்துக்கிட்டு ஒரு நல்ல மனுஷன ஒழிக்கப் பாக்குறாங்கன்னு ஒரே கோவம். நான் தேடிப் பாத்தா டோரனாகான்னு ஒருத்தர் ஜப்பான்ல இருந்ததே இல்லன்னு வருது. பேர மட்டும் மாத்தினாங்களா, இல்ல நடந்ததையே மாத்திட்டாங்களா? அதுல மொழிபெயர்க்கற மாரிகோ மாதிரி ஒருத்தங்க நிஜமா இருந்தாங்களான்னு பொண்ணு தினமும் கேக்குறா. நீங்க ஜப்பான் வரலாறு பத்தி எழுதுறதால கேக்கணும்னு தோணுச்சு.

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

பாப்பாகிட்ட முதல்ல இதச் சொல்லிடுங்க, மாரிகோ இருந்தாங்க. பொறந்தப்ப வச்ச பேரு தமா, கிறிஸ்தவரான பிறகு கிராசியா. ஹோசோகாவா கிராசியான்னு சொன்னா ஜப்பான்ல எல்லாருக்கும் தெரியும். அவங்ககிட்ட கடைசில வரேன், அவங்கள பத்தி இப்பவே ஆரம்பிச்சா மத்தது எதையும் எழுத மாட்டேன்.

பேர் மாத்தினது பெரிய விஷயம் இல்ல. 1975ல ஜேம்ஸ் கிளாவெல் நாவலா எழுதும்போதே எல்லாரோட பேரையும் மாத்திட்டாரு, தொடரும் பெரும்பாலும் அதே வழிலதான் போகுது. டோரனாகாங்கிறது தொகுகாவா இயேயாசு, இஷிடோங்கிறது இஷிதா மிட்சுனாரி, நாட்ட ஆண்டு செத்துப்போன தைக்கோ தொயோதோமி ஹிதேயோஷி, ஒச்சிபா அவரோட துணைவி யோதோ, அவங்களோட அந்தச் சின்னப் பையன் ஹிதேயோரி. பேர மாத்தினதுல எனக்கு வருத்தமே இல்ல, இது என் கதை, நடந்ததுக்கு நான் கட்டுப்பட்டவன் இல்லன்னு முதல்லயே சொல்லிடற நேர்மை அதுல இருக்கு.

எனக்கு உறுத்துறது வேற. யாரு பலசாலி, யாரு மாட்டிக்கிட்டவன்ங்கிறத இந்தத் தொடர் தலைகீழா திருப்பிப் போட்டிருக்கு. உங்க பொண்ணுக்கு வந்த கோவம் அதனால வந்ததுதான்.

அந்தக் காலத்து ஜப்பான்ல ஒரு பிரபுவோட பலத்த கோகுங்கிற கணக்குல சொல்லுவாங்க, ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடற அளவு அரிசி ஒரு கோகு. இயேயாசுகிட்ட இருந்த நிலம் கிட்டத்தட்ட 25 லட்சம் கோகு. அவருக்கு அடுத்த இடத்துல இருந்த மோரி, உயெசுகி ரெண்டு பேருக்கும் ஆளுக்கு 12 லட்சம்தான். சரி, வில்லன் இஷிதாவுக்கு எவ்வளவு? 1 லட்சத்து 94 ஆயிரம். இன்னொண்ணும் பாருங்க, தொடர்ல இஷிடோ, பையன் பெரியவனாகற வரைக்கும் நாட்டப் பாத்துக்கற அஞ்சு ஆட்சிக்குழு ஆளுங்கள்ல ஒருத்தரா டோரனாகாவுக்குச் சமமா உக்காந்திருப்பாரு, நிஜத்துல இஷிதா அந்த அஞ்சு பேர்ல இல்லவே இல்ல, அவங்களுக்குக் கீழ நிர்வாகத்த பாத்துக்கிட்ட அஞ்சு அதிகாரிகள்ல ஒருத்தர். அதாவது ஒரு கணக்குப்பிள்ளை மாதிரியான ஆளு நாட்லயே பெரிய பண்ணையார எதுத்து நின்ன கதை இது. அத அப்படியே எடுத்திருந்தா நம்ம மனசு யாரு பக்கம் சாஞ்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

முதல் எபிசோட்லயே டோரனாகாவ ஒசாகாவுக்கு வரவச்சு, குற்றம் சாட்டி, கிட்டத்தட்ட சிறை மாதிரி வச்சிருப்பாங்க இல்லையா, அப்புறம் அவரு பல்லக்குல ஒரு பொம்பளைக்குப் பதிலா ஏறி ஒளிஞ்சு தப்பிப்பாரு. காட்சியா அது பிரமாதம், நான் ரெண்டாவது தடவை பாக்கும்போதும் மூச்சப் பிடிச்சுக்கிட்டுதான் பாத்தேன். ஆனா நடந்தது என்னன்னா, 1598ல ஹிதேயோஷி சாகும்போது பிரபுக்கள் தங்களுக்குள்ள இஷ்டத்துக்குக் கல்யாண சம்பந்தம் வச்சுக்கக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு, அடுத்த வருஷமே இயேயாசு தாதே மசாமுனே வீடு, ஃபுகுஷிமா வீடுன்னு வரிசையா சம்பந்தம் பேச ஆரம்பிச்சுட்டாரு. அதே 1599ல ஒசாகா கோட்டைக்குள்ளயே மேற்குப் பகுதில போய் குடியேறி, பையனோட கோட்டைல இருந்துக்கிட்டு நாட்டு விவகாரம் எல்லாத்தையும் தானே நடத்தினாரு. 1600ல ஒசாகாவ விட்டுக் கெளம்பினது ஒளிஞ்சு இல்ல, உயெசுகி மேல படையெடுக்கப் போறேன்னு சொல்லி படையோட பகிரங்கமா கெளம்பினாரு.

அவரு கிழக்க போன பிறகுதான் ஒசாகால இருந்த இஷிதா பக்கத்து ஆளுங்களுக்குத் தைரியம் வந்துச்சு. இயேயாசு செஞ்ச தப்புன்னு 13 குற்றச்சாட்ட வரிசையா எழுதி எல்லா பிரபுக்களுக்கும் அனுப்பினாங்க. சம்பந்தம் வச்சது, கோட்டைல குடியேறினது எல்லாம் அந்தப் பட்டியல்ல இருக்கு, அதுல பெரும்பகுதி உண்மையும் கூட. இந்த ஓலை அந்தக் கால ஜப்பான் காலண்டர்படி கெய்ச்சோ 5ஆம் வருஷம் ஏழாவது மாசம் 17ஆம் தேதி போட்டது. இந்தத் தேதிய ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இயேயாசுவும் இஷிதா பக்கமும் மோதின செகிகஹாரா சண்டைய தொடர்ல எடுக்காம, துரோகம் பண்ணின யாபுஷிகே சாகறதுக்கு முன்னாடி டோரனாகா வாயாலயே ஒரு கனவு மாதிரி சொல்லவச்சாங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சுது, ஏன்னா 1600 அக்டோபர் 21ல நடந்த நிஜ சண்டையும் பாதிக்கு மேல முன்னாடியே கடிதத்துலயே முடிஞ்ச சண்டைதான். இஷிதா பக்கம் இருந்த கோபயகாவா ஹிதேயாகி மலை மேல படையோட நின்னுட்டு நடுவுல கட்சி மாறினாரு, மோரி படைய கிக்காவா ஹிரோயியே முன்னாடியே பேசிவச்சு நகரவிடாம நிறுத்திட்டாரு, ஒரே நாள்ல இயேயாசு ஜெயிச்சு முடிஞ்சுது.

ஆனா அங்கயே கதைய நிறுத்திட்டது தான் ரெண்டாவது பெரிய மாத்தம். அமைதி வரணும்னு ஏங்கற ஒரு மனுஷன் கடலப் பாத்துக்கிட்டு நிக்கறாரு, நாமளும் நிம்மதியா எந்திரிக்கிறோம். அதுக்குப் பிறகு 15 வருஷம் இருக்கே. 1603ல ஷோகன், அதாவது நாட்ட ஆளற படைத்தலைவர் ஆன இயேயாசு தன் பேத்தியையே ஹிதேயோரிக்குக் கட்டிக்கொடுத்தாரு. 1614ல கியோட்டோல ஹோகோஜி கோயிலுக்கு ஹிதேயோரி ஒரு பெரிய மணி வார்த்துக் கொடுத்தாரு. அதுல நாடு அமைதியா இருக்கணும்னு வாழ்த்து எழுதியிருந்த எழுத்துக்கள்ல இயே, யாசுங்கிற ரெண்டும் வருது, நடுவுல இன்னொரு எழுத்து. என் பேர ரெண்டா வெட்டி எனக்குச் சாபம் விட்டிருக்காங்கன்னு அதையே காரணமா பிடிச்சுக்கிட்டு சண்டைக்குப் போனாங்க. அந்த மணி இன்னும் கியோட்டோல தொங்குது, அந்த எழுத்துகள மட்டும் வெள்ளையா அடையாளம் பண்ணி வச்சிருக்காங்க. 1615 கோடைல ஒசாகா கோட்டை எரிஞ்சு விழுந்தப்ப ஹிதேயோரிக்கு 21 வயசு, தாயும் மகனும் உள்ளயே உயிர விட்டாங்க. ஹிதேயோரியோட எட்டு வயசுப் பையன் தப்பிச்சு ஓடினவன தேடிப் பிடிச்சு கியோட்டோ ஆத்தங்கரைல தலைய வெட்டினாங்க. தொடர்ல டோரனாகா அவ்வளவு பாசமா பேசற அந்தப் பையனோட வம்சத்துக்கு நிஜத்துல நடந்தது இது. அடுத்த சீசன் கதை இந்தக் கதைக்குப் பத்து வருஷம் கழிச்சு நடக்கிறதா அறிவிச்சிருக்காங்க, அதுல இத எப்படி எதிர்கொள்றாங்கன்னு பாக்க நான் காத்துக்கிட்டிருக்கேன், பாப்பாவும் அப்ப கொஞ்சம் பெரியவளா ஆகியிருப்பா.

அடுத்து தொடர்ல வர்ற ஆங்கிலேய மாலுமி பிளாக்தார்ன் விஷயம். அவரு வில்லியம் ஆடம்ஸ், இங்கிலாந்துல ஜில்லிங்ஹாம் ஊர்க்காரர். 1598ல ராட்டர்டாம்ல இருந்து கெளம்பின அஞ்சு கப்பல்ல ஒண்ணே ஒண்ணுதான் 1600 ஏப்ரல்ல ஜப்பான் கரையத் தொட்டுச்சு, எந்திரிச்சு நிக்கத் தெம்பு இருந்தவங்க என்னைத் தவிர ஆறு பேருதான்னு அவரே கடிதத்துல எழுதியிருக்காரு. தொடர்ல மாதிரி யாரையும் அண்டால போட்டு வேகவைக்கல. ஏசு சபைப் பாதிரிகள் இவங்க கடற்கொள்ளைக்காரங்க, கொல்லுங்கன்னு சொன்னதும், எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவன நான் ஏன் கொல்லணும்னு இயேயாசு மறுத்ததும் அந்தக் கடிதத்துல இருக்கு. முதல் சந்திப்புல எந்த வழியா வந்தேன்னு கேட்டிருக்காரு, இவரு உலகப் படத்த விரிச்சு மெகல்லன் ஜலசந்தியக் காட்டினா பொய் சொல்றான்னு நினைச்சாராம், அப்புறம் ஒண்ணுல இருந்து ஒண்ணா பேசிப் பேசி நடுராத்திரி ஆயிடுச்சாம். தொடர்ல இவரு பீரங்கி வித்தை கத்துக்கொடுப்பாரு, ஆடம்ஸ் நான் கத்துக்கொடுத்தேன்னு எழுதறது ஜியோமெட்ரியும் கணக்கும். கப்பல் கட்டச் சொன்னப்ப எனக்குத் தச்சு வேலை சரியா தெரியாதுன்னு இவரு தயங்க, நல்லா வரலன்னாலும் பரவால்ல, கட்டுன்னு இயேயாசு சொல்லியிருக்காரு. 80 டன்ல ஒண்ணு, அப்புறம் 120 டன்ல ஒண்ணு கட்டினாரு. ஹெமிங்கிற இடத்துல நிலம் கிடைச்சுது, ஊருக்குப் போக மட்டும் பல வருஷம் உத்தரவு கிடைக்கல. தொடர்ல மாதிரி அவரோட கப்பல மூழ்கடிச்சு நிறுத்த வேண்டிய தேவையே இல்ல, போகக்கூடாதுன்னு ஒரு வார்த்தை போதும். 1620ல ஹிராடோல செத்தாரு, சொத்த இங்கிலாந்துக் குடும்பத்துக்கும் ஜப்பான் குடும்பத்துக்கும் பிரிச்சு எழுதிவச்சுட்டு.

அந்தக் கப்பல் பேரு லீஃப்டே. அதோட பழைய பேருதான் எராஸ்மஸ், தொடர்ல வர்ற பேரு. கப்பலோட பின்பக்கம் இருந்த எராஸ்மஸோட மரச்சிலை எப்படியோ தொச்சிகில சானோ பக்கம் ஒரு புத்தர் கோயிலுக்குப் போயிடுச்சு, அது ஒரு ஐரோப்பிய அறிஞர்னு தெரியாம ஊர்க்காரங்க கப்பல் கண்டுபிடிச்ச பழைய சீனப் பெரியவர் ஒருத்தரோட பேரச் சொல்லி தலைமுறை தலைமுறையா அதக் கும்பிட்டிருக்காங்க. இந்த மாதிரி விஷயம் எந்தக் கதைலயும் வராது. (கப்பல் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லணும், அந்தக் காலத்துல நம்ம சோழமண்டலக் கரைல இருந்து ஜப்பானுக்குப் போன கோடு போட்ட பருத்தித் துணிக்கு அங்க சந்தோமேன்னு பேரு, மயிலாப்பூர் சாந்தோம்தான் அது.)

இப்ப கிராசியா. அப்பா அகெச்சி மிட்சுஹிதே 1582ல தன் தலைவன் ஓடா நோபுனாகாவ கொன்னதும், அதுக்காக குடும்பமே அழிஞ்சதும் தொடர்ல வர்ற மாதிரியே. புருஷன் தடாஒகி இவங்கள விவாகரத்தும் பண்ணல, கொல்லவும் இல்ல, தாங்கோ மலைக்குள்ள ஒரு குக்கிராமத்துல ரெண்டு வருஷம் ஒளிச்சுவச்சாரு. அப்புறம் ஒசாகா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாரு, ஆனா வாசலத் தாண்ட விடல. 1587ல புருஷன் போருக்குப் போயிருந்தப்ப ஒரே ஒரு தடவை ரகசியமா தேவாலயத்துக்குப் போயிருக்காங்க. அதுக்கு மேல வெளிய போக முடியாதுங்கிறதால, ஞானஸ்நானம் வாங்கின தோழிப்பெண் ஒருத்தங்களே வீட்டுக்குள்ள இவங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாங்க. கிறிஸ்தவப் பாதிரிகள நாட்ட விட்டுப் போகச்சொல்லி ஹிதேயோஷி உத்தரவு போட்ட அதே வருஷம்.

ஆடம்ஸுக்கு இவங்க மொழிபெயர்ப்பாளரா இருந்தது முழுக்கக் கற்பனை. 1600 மே மாசம் ஆடம்ஸ் ஒசாகால காவல்ல இருந்தப்ப கிராசியாவும் அதே ஊர்ல, கோட்டைக்குக் கீழ தமாட்சுகுரில, இன்னொரு விதமான காவல்ல இருந்தாங்க, அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் உள்ள சம்பந்தம். தொடர் இவங்களுக்குக் குதிரையும் கடலும் பேச்சும் கொடுத்தது எனக்குச் சந்தோஷம்தான், ஆனா அந்தப் பூட்டின வீடு காணாமப் போயிடுச்சு, அது வலிக்குது.

இப்ப அந்தத் தேதி. ஏழாவது மாசம் 17, நம்ம காலண்டர்ல 1600 ஆகஸ்ட் 25. 13 குற்றச்சாட்டு ஓலை போன அதே நாள், இயேயாசு கூடப் போன பிரபுக்களோட மனைவிமார பணயமா கோட்டைக்குள்ள கொண்டுவரச் சொல்லி இஷிதா ஆளுங்க வந்து வீட்டச் சுத்திக்கிட்டாங்க. தொடர்ல வர்ற நிழல் கொலைகாரங்களும் இல்ல, கதவ உடைக்கற வெடியும் இல்ல. மானத்துக்கு ஆபத்துன்னா மனைவியக் கொன்னுடுங்கன்னு தடாஒகி ஏற்கனவே உத்தரவு போட்டுட்டுப் போயிருந்தாரு. கிறிஸ்தவங்க தற்கொலை பண்ணிக்கக்கூடாது. அதனால கிராசியா ஜெபம் பண்ணிட்டு, கூட இருந்த பொம்பளைங்கள வெளிய போகச் சொல்லிட்டு, மூத்த காரியஸ்தர் ஓகசவாரா ஷோசாய் கையால நீள ஈட்டிக்கத்தியால உயிர விட்டாங்க, அப்புறம் வீட்டுக்குத் தீ வச்சு அவரும் செத்தாரு. மருமகள் பக்கத்து வீட்டுக்குத் தப்பிச்சுப் போயிட்டா, மாமியாரோட சாகாம ஓடிட்டாளேன்னு தடாஒகி அவள விலக்கச் சொல்ல, மகன் மறுக்க, அந்த மூத்த மகனுக்கு வாரிசுரிமையே போயிடுச்சு. தொடர்ல மாரிகோவோட புருஷன் புன்டாரோ மேல நமக்குக் கொஞ்சம் இரக்கம் வருது, எனக்கு தடாஒகி மேல அந்த இரக்கம் வரல.

அதுக்குப் பிறகு ஏசு சபைப் பாதிரியார் ஓர்கன்டினோ சாம்பல்ல இருந்து எலும்பெடுத்து அடக்கம் பண்ண ஏற்பாடு செஞ்சாரு. பணயம் பிடிக்கிற வேலைல இஷிதா பின்வாங்கவேண்டி வந்துச்சு, அந்த விளைவ மட்டும் தொடர் சரியா பிடிச்சிருக்கு.

இதெல்லாம் எப்படித் தெரியும்னா, அன்னிக்கு வெளிய அனுப்பின பொம்பளைங்கள்ல ஷிமோன்னு ஒரு பணிப்பெண். புருஷனுக்கும் மகனுக்கும் எழுதின கடைசிக் கடிதங்கள இவங்க கைல கொடுத்து, நீ சாகாத, போய் நடந்ததச் சொல்லுன்னு கிராசியா அனுப்பிவச்சாங்க. 1648ல, 48 வருஷம் கழிச்சு, கிராசியாவோட பேரன் கேட்டதுக்காக வயசான ஷிமோ நினைவுல இருந்ததச் சொல்லி எழுதிக் கொடுத்தது இன்னிக்கும் இருக்கு. நாங்க வாசலுக்கு வந்தப்ப மாளிகைல தீ பிடிச்சிருந்துச்சுன்னு அதுல இருக்கு. பாப்பாவுக்கு மாரிகோவ பிடிச்சிருந்தா ஷிமோவ பத்தியும் சொல்லுங்க.