பெயர்ந்த சமையல் மேடை விளிம்பை ஒட்ட முடியுமா?

கேள்வி: எங்கள் சமையல் மேடை கொரியன் (Corian) என்ற செயற்கைப் பலகை வகை, வெள்ளை நிறம். கிரைண்டர் கல்லைக் கழுவித் தூக்கும்போது கை நழுவி விளிம்பில் விழுந்ததில் இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று பெயர்ந்துவிட்டது. சூப்பர் க்ளூ வைத்தேன், பத்தே நாளில் கையோடு வந்துவிட்டது. துண்டு பத்திரமாக இருக்கிறது. நானே சரிசெய்யலாமா?
– வாசகி, கோவை

பதில்: தாராளமாகச் செய்யலாம். துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்களே, பாதி வேலை முடிந்த மாதிரிதான்.

இந்தப் பலகையில் ஏறக்குறைய ஒரு பங்கு அக்ரிலிக், இரண்டு பங்கு அலுமினா ட்ரைஹைட்ரேட் என்ற தாதுத்தூள். மேலிருந்து அடிவரை ஒரே நிறம் என்பதால் ஒட்டித் தேய்த்தால் தடம் மறையும், கிரானைட்டில் இது நடக்காது. ஆனால் பசையும் அக்ரிலிக் இனமாகவே இருக்க வேண்டும். பலகை விற்கும் கடையில் உங்கள் நிறத்தைச் சொல்லி ஜாயின்ட் அட்ஹெசிவ் கேளுங்கள், பெரும்பாலும் பத்துப் பங்கு பசை, அதை இறுகவைக்கும் திரவம் ஒரு பங்கு என்ற அளவில் இரண்டு குழாயாக வரும், இரண்டும் கலந்தால்தான் இறுகும். எபாக்சி வேண்டாம், வெள்ளையில் போகப்போக மஞ்சள் கோடு தெரியும்.

முதலில் பழைய பசையை பிளேடால் சுரண்டி எடுங்கள். உடைந்த முகத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள், அந்த மேடுபள்ளம்தான் துண்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் வெள்ளைத் துணியை நனைத்து இரண்டு பக்கமும் துடைத்துக் காயவிட்டு, பசை இல்லாமலே ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பசை நெடி அடிக்கும், சட்டென்று தீப்பிடிக்கவும் கூடியது, அதனால் சிலிண்டரை மூடி ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், அந்த ஆல்கஹாலுக்கும் இதே கவனம்தான். பசை தடவி, துண்டை வைத்து, மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டுங்கள். ரொம்ப அழுத்தினால் பசையெல்லாம் வெளியே போய் இணைப்பு வலுவிழக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்: பிதுங்கிய பசையைப் பார்த்ததும் துணியால் வழித்துவிடுவார்கள். தொடாதீர்கள். வழித்தால் அந்தக் கோட்டில் பள்ளம் விழும், பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. ஒரு மணி நேரம் கழித்து, பிதுங்கி நிற்கும் பசையில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதியாவிட்டால் இறுகிவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் முகக்கவசம் போட்டுக்கொண்டு 120, 180, 240, 320 என்று சொரசொரப்பிலிருந்து நைசுக்கு எண் வரிசையாக எமரி பேப்பரால் (உப்புத்தாள்) தேய்க்க வேண்டியதுதான். பேப்பரை மட்டமான மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, கோட்டின்மேல் மட்டும் நிற்காமல் சுற்றிலும் ஒரு கை அகலத்துக்குப் பரவலாகத் தேயுங்கள். கடைசியாகப் பச்சை ஸ்க்ரப்பரால் வட்டமாக ஒரு தேய்ப்பு. வெள்ளை மேடை என்பதால் கீறல் தெரியாது, கறுப்பாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டியிருக்கும்.

அடுப்புக்காக வெட்டிய மூலையில் விரிசல் ஏதாவது ஓடுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அது சூட்டால் வருவது, பசையால் நிற்காது, அதற்கு மட்டும் பலகை பொருத்தும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.