ஓவனில் சுடும் உருளைக்கிழங்கு வெங்காய கட்லெட் உடையாமல், மொறுமொறுவென்று வர என்ன செய்வது?

எண்ணெயில் பொரிக்க விருப்பமில்லாமல் ஓவனில் வைத்தீர்கள், திருப்பும்போதே பிளந்துவிட்டது, பாதி தட்டில் ஒட்டிக்கொண்டது, மேலே வெளுத்தே கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே எனக்கும் நடந்திருக்கிறது. அப்பாவுக்கு ரத்தக்கொழுப்பு கூடியிருக்கிறது என்று தெரிந்த வாரம், சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் முதல் தடவை சுட்டேன். உடைகிறதே என்று மறுநாள் மைதாவும் ரொட்டித்தூளும் அள்ளிப் போட்டேன். உடையவில்லை, ஆனால் வாயில் வைத்தால் உருளை வாசனையே இல்லை, வெறும் மாவு. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீர்தான். காய்ந்த எண்ணெயில் போட்டால் ஒரு நிமிடத்தில் வெளியே ஓடு கட்டிவிடும், உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் தாங்கும். ஓவனில் இருப்பது சூடான காற்று. அது மெதுவாகத்தான் வேலை செய்யும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நன்றாகச் சிவக்க 140 டிகிரியாவது வேண்டும். அதற்குள் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கட்லெட்டைத் தளர்த்திவிடும். அதனால் ஓவனுக்குள் போவதற்கு முன்பே கிழங்கிலும் வெங்காயத்திலும் உள்ள நீரை முடிந்தவரை வெளியேற்ற வேண்டும்.

இதை எனக்குக் காட்டியவர் எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை. நான் கொடுத்த பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவர், பிசைந்து வைத்திருந்த கிழங்கை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். விரல் பளபளவென்று ஈரமானது. “பாசா, பாசா” என்று தலையை ஆட்டினார். மலாயில் ஈரம் என்று பொருள். நோன்புப் பெருநாளுக்கு அவர் பெர்கெடில் என்ற மலாய் உருளைக்கிழங்கு கட்லெட் செய்யும்போது கிழங்கை அவிக்கவே மாட்டாராம். வில்லைகளாக வெட்டிப் பொரித்து, பிறகுதான் இடிப்பாராம். (பெர்கெடில் என்ற பெயரே டச்சுக்காரர்களின் ஃபிரிக்கடெல்லிலிருந்து வந்தது.) எனக்குப் பொரிக்கக் கூடாது. அதனால் கிழங்கை முழுசாக, தோலோடு ஓவனிலேயே சுட்டேன். அன்றைக்குத்தான் கட்லெட் கட்லெட்டாக வந்தது.

பன்னிரண்டு கட்லெட்டுக்கு 600 கிராம் கிழங்கு வேண்டும். பேரங்காடியில் கிடைக்கும் அமெரிக்க ரஸ்ஸெட் வாங்குங்கள். சொரசொரப்பான பழுப்புத் தோல், வெந்தால் மாவாக உதிரும். மழமழவென்று மஞ்சளாக இருப்பவை குழம்புக்கு நல்லவை, இதற்கு ஒத்துவராது. வாங்கிய கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். இந்த ஊர் வெக்கைக்குப் பயந்து பலரும் வைக்கிறோம். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, இனிப்புத் தட்டும், ஓவனில் சீக்கிரம் கருகும்.

முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, 200 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுடுங்கள். நேரமில்லையென்றால் தோலோடு இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாம். தண்ணீருக்குள் போட்டு அவிப்பது மட்டும் வேண்டாம். சூடாக இருக்கும்போதே தோலை உரித்து, இடியாப்ப அச்சில் போட்டுப் பிழியுங்கள். கட்டியே இருக்காது, பிழியும்போது ஆவியும் பறந்துவிடும். மிக்ஸியில் அரைத்தால் மாவுச்சத்து வெளிப்பட்டுப் பசையாகிவிடும், அதற்குப் பிறகு எதுவும் செய்ய முடியாது.

அடுத்து வெங்காயம். பெரிய வெங்காயம் கால் கிலோ, பொடியாக நறுக்கியது. பச்சையாகப் பிசைந்தால் உப்பு பட்டதும் நீர் விடத் தொடங்கும், கட்லெட் பிளப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சோம்பு தாளித்து, வெங்காயத்தையும் உப்பையும் போட்டு வதக்குங்கள். காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் சளசளவென்று கொதிக்கும் சத்தம் வரும். அது வெங்காயத்துத் தண்ணீர். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் அது அடங்கி, எண்ணெயில் பொரியும் மெல்லிய சீறல் கேட்கும். கால் கிலோ வெங்காயம் ஒரு கைப்பிடியாகச் சுருங்கி, பொன்னிறமாகியிருக்கும். அதுதான் பதம். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியபோது சில மாதம் சீன வெங்காயத்தில் செய்தேன். எனக்குக் கிடைத்ததில் நீர் கூடுதல், வதக்க இருபது நிமிடமானது. பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாம் இந்தச் சட்டியிலேயே சேரட்டும். கொத்தமல்லியைக் கழுவினால் துணியில் ஒற்றிவிட்டு நறுக்குங்கள்.

பிணைப்புக்கு அவல்தான் என் தேர்வு. மூன்று மேசைக்கரண்டி அவலை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துச் சேர்த்தால், மிச்சம் மீதி ஈரத்தை அது குடித்துக்கொள்ளும், கிழங்கின் ருசியும் மாறாது. அம்மா முட்டை சாப்பிட மாட்டார், அதனால் முட்டை போடாமலே பழகிவிட்டோம். கிழங்கு, வெங்காயம், அவல், கொஞ்சம் மஞ்சள்தூள், எலுமிச்சைச் சாறு சில துளி. பிசைந்ததும் ஒரு விரல் கனத்துக்கு மேல் போகாமல் தட்டி, மூடாமல் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். பச்சைக் கிழங்குக்குத்தான் குளிர் ஆகாது. வெந்த கிழங்கு குளிர்ந்தால் இறுகும். இதைத் தவிர்த்துவிட்டுச் செய்யாதீர்கள்.

ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கும்போது தட்டையும் உள்ளே வைத்துவிடுங்கள். சூடான தட்டில் எண்ணெய் தடவிக் கட்லெட்டை வைத்தால் ‘சுர்’ரென்று சத்தம் வர வேண்டும், ஒட்டாமல் எழும்புவது அதனால்தான். மேலேயும் எண்ணெய் தடவ வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒன்றரை மேசைக்கரண்டி போதும், அதையும் மிச்சம் பிடித்தால் காய்ந்த ரொட்டி போல ஆகிவிடும். பதினைந்து நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் சிவந்த பிறகு தட்டையான கரண்டியால் திருப்பி, இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம். ஒட்டினால் அடிப்பக்கம் இன்னும் ஆகவில்லை. இரண்டு நிமிடம் பொறுங்கள். மேசை மேல் வைக்கும் சின்ன ஓவன் என்றால் பெரும்பாலும் பின்பக்கம் சூடு அதிகம், பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள். ஏர் ஃப்ரையரில் 180 டிகிரியில் பதினைந்து நிமிடம் சரியாக இருக்கும்.

அப்பாவுக்கு இதைப் புதினாச் சட்னியோடு வைத்தால் “இன்னும் ரெண்டு வைம்மா” என்பார். பள்ளி நாட்களில் பிள்ளைகளுக்கு ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடுக்கிறேன். சுடாத கட்லெட்டை இடையிடையே தாள் வைத்து உறைபெட்டியில் ஒரு மாதம் வரை வைக்கலாம். கரைய விடாமல் அப்படியே சூடான தட்டில் வைத்து, ஐந்தாறு நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். கரைய விட்டால் திரும்பவும் “பாசா” ஆகிவிடும்.